ஆண், பெண் மாரத்தான்: இந்தியாவில் இடைவெளி ஏன் இவ்வளவு பெரிசு?

அதிகாலையில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலோ மாம்பழச்சாலை பக்கமோ போனால், வாக்கிங் போகிறவர்களுக்கு நடுவே வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே ஓடுகிற சிலரையும் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு 10 கி.மீ. என்பதே பெரிய விஷயம். மாரத்தான் 42.195 கி.மீ. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் கிளம்பினால் துவாக்குடி, செங்கிப்பட்டி எல்லாம் தாண்டி வல்லத்தை நெருங்குகிற தூரம்.

இந்தத் தூரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் ஓட்டக்காரராக ஒரு ஆணும் பெண்ணும் கடக்கிற பாதை ஒன்றாக இருக்கிறதா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இடைவெளி எவ்வளவு?

2023 செப்டம்பரில் பெர்லினில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடி பெண்கள் உலக சாதனை படைத்தார். இரண்டே வாரத்தில் சிகாகோவில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2:00:35ல் ஆண்கள் சாதனையை உடைத்தார். இரண்டுக்கும் இடையில் 11 நிமிடம் 18 விநாடி. சதவீதத்தில் சொன்னால் சுமார் 9.4.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. ஷிவ்நாத் சிங் 1978ல் ஜலந்தரில் ஓடிய 2:12:00, நாற்பது வருஷத்துக்கும் மேல் அசைக்க முடியாத தேசிய சாதனையாக இருந்தது. பெண்களில் ஓ.பி.ஜெய்ஷா 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் 2:34:43 ஓடி தேசிய சாதனை படைத்தார். வித்தியாசம் 22 நிமிடம் 43 விநாடி. அதாவது சுமார் 17 சதவீதம்.

2023 கணக்குப்படி உலக அளவில் 9.4, இந்தியாவில் 17. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதுதான் கேள்வி.

உடல்தான் காரணமா?

ஓரளவுக்கு ஆமாம். சராசரியாக ஆண்களுக்கு இதயம் பெரிது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம், தசையும் அதிகம். அதனால் நிமிடத்துக்கு அதிக ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும். உச்சத்தில் ஒன்பது, பத்து சதவீத வித்தியாசம் வருவதற்கு இது போதும்.

ஆனால் 17 சதவீதத்தை உடல் மேல் மட்டும் போட முடியாது. இந்தியப் பெண்களின் உடல் தனி விதியில் இயங்கவில்லையே!

பெண்களுக்கு ரேஸே இல்லாத காலம்

ஒலிம்பிக்கில் ஆண்கள் மாரத்தான் 1896லேயே ஆரம்பித்துவிட்டது. பெண்களுக்கு 1928ல் 800 மீட்டர் வைத்தார்கள். ‘பெண்கள் தாங்க மாட்டார்கள்’ என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டார்கள். 1960ல்தான் மறுபடி வந்தது. பெண்கள் மாரத்தான் வந்தது 1984 லாஸ் ஏஞ்சலிஸில்.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஷிவ்நாத் சிங் மாரத்தானில் 11வது இடம் பிடித்தார். அதே ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மிக நீளமான ஓட்டம் 1,500 மீட்டர். ஆண்களுக்குக் கிடைத்தது 88 வருஷ முன்தொடக்கம்.

வாய்ப்பு கிடைத்ததும் என்ன ஆச்சு? ஆஷா அகர்வால் 1985லும் சுனிதா கோதாரா 1992லும் ஆசிய மாரத்தான் பட்டம் வென்றார்கள். இந்திய ஆண்களில் முதல் ஆளாக டி.கோபி அந்தப் பட்டத்தை வென்றது 2017ல்தான்! ஆக, திறமை இல்லை என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஒரே மாவட்டம், ஒரே ஒலிம்பிக்

கோபி, ஜெய்ஷா இருவருமே கேரளாவின் வயநாடு மாவட்டத்துக்காரர்கள். இருவரும் 2016 ரியோவில் மாரத்தான் ஓடினார்கள்.

கோபி ராணுவத்தில் இருந்தவர். 2016 மும்பை மாரத்தானில் சக ராணுவ வீரர் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுக்க ‘பேஸ்மேக்கர்’ ஆக இறங்கினார். பாதியில் நிற்காமல் ஓடி முடித்து இரண்டாம் இடம் பிடித்தார், ஒலிம்பிக் தகுதியும் பெற்றார். ரியோவில் 2:15:25 ஓடி 25வது இடம். ஒரு விநாடி பின்னால் 26வதாக வந்த கேதா ராமும் ராணுவம்தான்.

ஒரு சுவாரஸ்யம்: 2003ல் லண்டனில் பிரிட்டனின் பவுலா ராட்க்ளிஃப் படைத்த பெண்கள் உலக சாதனையும் இதே 2:15:25.

ஜெய்ஷாவின் பாதை வேற. 2006 ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டரில் வெண்கலம், 2014ல் 1,500 மீட்டரில் வெண்கலம். அதற்கப்புறம், முப்பது வயதைத் தாண்டித்தான் மாரத்தானுக்கு வருகிறார். ரியோவில் வெயிலில் 2:47:19 ஓடி, 89வதாக முடித்து, எல்லைக்கோட்டில் சரிந்தார். வழியில் இந்தியாவுக்கான மேசைகளில் தண்ணீர் கொடுக்க ஆளே இல்லை என்றார். தடகள சம்மேளனம் அதை மறுத்தது. விளையாட்டு அமைச்சகம் விசாரணைக் குழு போட்டது.

அவருக்கு ராணுவம், இவருக்கு ரயில்வே

மாரத்தான் பயிற்சி என்றால் வாரத்துக்கு 150 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். சாப்பாடு, ஷூ, பிசியோ, மலைப் பகுதியில் கேம்ப்... சம்பளம் வருகிற வேலை இல்லாமல் இதைப் பத்து வருஷம் தொடர முடியாது.

ரியோவில் மாரத்தான் ஓடிய மூன்று இந்திய ஆண்களும் ராணுவத்தினர். அங்கே ஓடுவதே வேலை மாதிரி. பதினெட்டு, இருபது வயதிலேயே ஒருவருக்கு மெஸ் சாப்பாடும் கோச்சும் கிடைத்துவிடும். இந்தக் கதவு பெண்களுக்கு ரொம்ப காலம் மூடியே இருந்தது. சிப்பாய் நிலையில் பெண்களின் முதல் அணி, ராணுவ போலீஸ் பிரிவில், வந்தது 2021ல்தான்.

பெண்களுக்கு முக்கியமான கதவு ரயில்வே. ஜெய்ஷா, சுதா சிங், லலிதா பாபர் எல்லோரும் அந்த வழியில் நின்றவர்கள். ஆனால் ரயில்வே வேலை பெரும்பாலும் பதக்கம் வாங்கிய பிறகு கிடைப்பது. பதக்கம் வாங்கும் வரை செலவு வீட்டு மேல்தான். பொன்மலையும் ஜங்ஷனும் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ரயில்வே வேலை என்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை.

பக்கத்து ஊர் சாட்சி

திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்து ஜி.லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே மாவட்டத்து எல்.சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு ஓட்டத்திலும் தங்கம். 2017 நவம்பரில் டெல்லி ஹாஃப் மாரத்தானில் இந்தியர்களுக்கான பிரிவில் சூர்யா முதலிடம், லட்சுமணன் இரண்டாமிடம்.

ஒரே மண்ணில் பயிற்சி கிடைத்தால் பெண் பின்தங்குவதில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

குழந்தை பிறந்தால் கரியர் முடிஞ்சுதா?

இல்லை. ராட்க்ளிஃப் மகள் பிறந்த பத்தாவது மாதத்தில், 2007ல், நியூயார்க் மாரத்தானை வென்றார். அவருடைய சாதனையை 2019ல் 2:14:04 ஓடி முறியடித்த பிரிஜிட் கோஸ்கெய் இரட்டைக் குழந்தைகளின் அம்மா.

ஆனால் ஓடாத மாதங்களில் யார் பணம் கொடுப்பார்கள்? மத்திய அரசு வேலையில் இருந்தால் 180 நாள் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. பரிசுப் பணத்தை மட்டும் நம்பி ஓடுகிறவருக்கு அந்த மாதங்களில் வருமானம் பூஜ்யம். ஆண் ஓட்டக்காரரின் கரியரில் இப்படி ஒரு இடைவெளியே கிடையாது.

சரி, என்ன மாறணும்?

பரிசு விஷயத்தில் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மும்பை மாரத்தானில் ஆண், பெண் வெற்றியாளர்களுக்கு ஒரே தொகைதான். எல்லைக்கோட்டில் சமத்துவம் வந்துவிட்டது. தொடக்கக் கோட்டுக்கு வரும் வழியில்தான் இன்னும் வரவில்லை.

திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில் இன்று ஓடுகிற பதினாறு வயதுப் பையனுக்கு ‘ஆர்மில சேர்ந்துடு’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பக்கத்து லேனில் ஓடுகிற பெண்ணுக்கும் அதே வயதில் சாப்பாடு, கோச், சம்பளம் மூன்றும் கிடைக்கிற ஒரு இடத்தைக் காட்ட முடிந்தால், அந்த 17 சதவீதம் தானாகக் குறைய ஆரம்பிக்கும்.