கடைமடைக்காரரின் உத்தரவு

ஒரு வாசகியின் கடிதம். நாலு வருஷமாக உடம்பு பூரா வலியாம். காலையில் எழுந்தால் யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதாம். இ.எஸ்.ஆர்., ஆர்.ஏ. ஃபேக்டர், தைராய்டு, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். கடைசியில் ஒரு மருத்துவர் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொல்லி, மாத்திரை எழுதி, “தினமும் நல்லா நடங்கம்மா” என்று அனுப்பியிருக்கிறார். இவரும் நம்பி நடந்தார். அடுத்த மூன்று நாள் படுக்கை. “நான் நடப்பதா, வேண்டாமா?” என்று கேட்கிறார்.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். வீட்டில், “ரிப்போர்ட்லதான் ஒண்ணும் இல்லையே, எழுந்து நாலு வேலையப் பாரு, தன்னால சரியாப் போகும்” என்பார்கள். அக்கம்பக்கத்தில், “வலிக்குதுன்னா எதுக்கு அலட்டிக்கறே, படுத்து ரெஸ்ட் எடு” என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. முதல் பதிலுக்கு மருத்துவ ஆய்வுகளின் ஆதரவு உண்டு. இரண்டாவது, முதல் சில வாரங்களில் உடம்புக்கு உள்ளே உண்மையில் நடப்பதைச் சொல்கிறது.

ஆதரவு எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடலாம். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2017-ல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டது. ‘உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்’ என்ற முத்திரை ஒன்றே ஒன்றுக்குத்தான் கிடைத்தது: உடற்பயிற்சி. அமெரிக்காவில் அதற்குள் இந்த நோய்க்கென்று மூன்று மருந்துகள் அனுமதி வாங்கியிருந்தன: 2007-ல் பிரிகாபலின், 2008-ல் டுலாக்சிடின், 2009-ல் மில்னாசிப்ரான். அவற்றுக்கு அந்த முத்திரை கிடைக்கவில்லை. (உடனே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வேறு வம்பு வரும்.)

ஆனால் பரிந்துரை உறுதியானது என்பதால் பலனும் பிரமாதமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகளைப் பற்றிய சோதனைகளை காக்ரேன் அமைப்பு அதே 2017-ல் தொகுத்துப் பார்த்தது. வலியை 100 புள்ளி அளவுகோலில் அளந்தால், பயிற்சியால் கூடுதலாகக் குறைந்தது சுமார் 11 புள்ளி. என்னைக் கேட்டால் 11 மோசமில்லை. நாள் முழுக்க வலியோடு இருப்பவருக்கு அது ஒரு வேளைத் தூக்கமாகக்கூட இருக்கலாம். ஆனால் ‘21 நாளில் வலியிலிருந்து விடுதலை’ என்று கைப்பேசித் திரையில் வந்து குதிப்பவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

வரலாறு ஒரு பத்தியாவது இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1904-ல் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் இது நார்த்திசுவின் அழற்சி என்று எண்ணி ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்று பெயர் வைத்தார். திசுவை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அழற்சி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் பெயர் மாற 1976 வரை ஆயிற்று. 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் உடம்பில் 18 இடங்களைக் குறித்துவைத்து, 4 கிலோ அழுத்தத்தில் 11 இடமாவது வலித்தால் இந்த நோய் என்றார்கள். இருபது வருஷம் உலகமே அந்த இடங்களை அழுத்திக்கொண்டிருந்தது. 2010-ல் அதுவும் கட்டாயமில்லை என்றானது. அவ்வளவுதான் வரலாறு.

வலி மனப்பிரமை அல்ல என்பதற்குப் பலரும் காட்டுவது 2002-ல் ரிச்சர்ட் கிரேஸ்லி குழு செய்த சோதனை. கட்டைவிரல் நகத்தை ஒரு கருவியால் அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களுக்கு வலிக்கத் தேவைப்பட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியே நோயாளிகளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பாதி அழுத்தத்திலேயே, மற்றவர்களின் மூளையில் முழு அழுத்தத்துக்கு விழித்துக்கொண்ட இடங்கள் பலவும் இவர்களுக்கு விழித்துக்கொண்டன.

பாதி எப்படி முழுதாகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். வலி கீழிருந்து மேலே போகும் ஒருவழிப் பாதை என்றுதான் பள்ளியில் படித்தோம்: தசையிலிருந்து தண்டுவடம், தண்டுவடத்திலிருந்து மூளை. ஆனால் மூளையிலிருந்து கீழே இறங்கிவரும் பாதை ஒன்றும் இருக்கிறது. பேருந்தைப் பிடிக்க ஓடும்போது காலில் கிழித்த தகரம், ஏறி உட்கார்ந்த பிறகுதானே தெரிகிறது? காயம் பட்டது முன்னே, வலி வந்தது பின்னே. இடைப்பட்ட நேரத்தில் சேதியை யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள். 1969-ல் டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் நடுமூளையில் ஓர் இடத்தில் மின்தூண்டல் கொடுத்து, மயக்க மருந்தே இல்லாமல் அதன் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்து காட்டினார். தடுக்கச் சொல்லும் உத்தரவு அங்கிருந்து கிளம்புகிறது என்பது அப்போது தெரிந்தது.

உத்தரவை வாங்கிக் கீழே அனுப்புகிற இடம் முகுளம். 1983-ல் ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் குழுவினர் அங்கே மின்முனையைச் செருகி, ஒவ்வொரு செல்லாக ஒட்டுக்கேட்டார்கள். லேசாக மயங்கிக் கிடக்கும் எலி. அதன் வால்மேல் ஒரு விளக்கின் சூடு. சூடு ஏற ஏற ஒரு கட்டத்தில் எலி வாலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு கணம் முன்னால் முகுளத்தில் இரண்டு காரியம் நடந்தது. அதுவரை துடித்துக்கொண்டிருந்த ஒருவகைச் செல்கள் வாயை மூடின. அமைதியாக இருந்த இன்னொரு வகைச் செல்கள் படபடவென்று பேச ஆரம்பித்தன. அதன் பிறகுதான் வால் அசைந்தது. முதல் வகைக்கு ‘ஆஃப்’ செல், இரண்டாவதற்கு ‘ஆன்’ செல் என்று பெயர் வைத்தார்கள். ஆஃப் செல் பேசும்வரை வலிச்சேதிக்குத் தடை. ஆன் செல் பேசினால் வழிவிடுவது மட்டுமல்ல, சேதி பெருக்கவும் படுகிறது.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்டுவடம் மதகு. வலிச்சேதி தண்ணீர். அது கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை நிலம் மூளை. முகுளத்தில் இருப்பவர் மதகைத் திறந்து அடைக்கிற நீர்க்கட்டி. எந்த ஊரிலும் கடைமடைக்காரருக்கு மதகின்மேல் அதிகாரம் கிடையாது. வந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு தலைமடைக்காரரைத் திட்டுவதோடு சரி. இந்த ஓர் ஆயக்கட்டில் மட்டும் கடைமடைக்காரரே ஆளனுப்பி, “இன்னைக்கு இது போதும், அடை” என்கிறார். அதிலும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் கடைமடைக்காரர்! நீர்க்கட்டியும் ஒருவர் அல்ல, இருவர். ஒருவருக்குத் திறக்க மட்டும்தான் தெரியும், மற்றவருக்கு அடைக்க மட்டும்தான் தெரியும். ஷட்டர் எங்கே நிற்கும் என்பது அந்த நேரத்தில் யார் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்தது. திறக்கிறவர் கை எப்போதும் ஓங்கியே இருந்தால்? ஏரியில் அரை அடித் தண்ணீர் இருந்தாலும் வயல் மூழ்கிவிடும். தண்ணீர் எப்படி மேட்டுக்கு ஏறும் என்று விவசாயி வாசகர்கள் கேட்டு எழுத வேண்டாம். உவமை அதுவரை தாங்காது.

இனி, கடிதத்துக்கு வருவோம். ஆரோக்கியமான ஒருவர் ஒரு தசையை இறுக்கிப் பிடித்து வேலை செய்யும்போதே அடைக்கிறவர் கை ஓங்கிவிடும். வலி தாங்கும் அளவு உயரும். ‘எண்டார்பின் சுரக்கும்’ என்று எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிடும் சங்கதி இதுதான். ஸ்வீடனில் ஏவா கோசெக் குழு 1996-ல் இதை ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களிடம் சோதித்தது. தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அப்படிப் பிடித்திருக்கும்போதே அழுத்திப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு வலி தாங்கும் அளவு ஏறியது. இவர்களுக்கு இறங்கியது! வலியைக் குறைக்க வேண்டிய அதே செயல் வலியைக் கூட்டுகிறது. மூன்று நாள் படுக்கைக்குச் சோம்பலோ மனசோ காரணமல்ல; பயிற்சியின் முதல் விளைவே இவர்களுக்குத் தலைகீழாக இருக்கிறது.

அப்படியானால் பயிற்சி எப்படித்தான் உதவுகிறது? அயோவா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ஸ்லூக்கா எலிகளை வைத்து இதைத் துருவினார். கெண்டைக்கால் தசையில் மென்மையான அமிலக் கரைசலை 5 நாள் இடைவெளியில் இரண்டு முறை ஊசி போட்டால், தசை சிதையாமலேயே, ஊசி போடாத காலிலும் சேர்த்து வாரக்கணக்கில் வலி நீடிக்கும். ஓடாமல் வளர்ந்த எலிகளைச் சக்கரத்தில் களைக்கக் களைக்க ஓடவைத்து ஊசி போட்டபோது வலி இன்னும் மோசமானது. ஆனால் முன்கூட்டியே 8 வாரம் தன் விருப்பத்துக்குச் சக்கரத்தில் ஓடிப் பழகிய எலிகளுக்கு அந்த நீடித்த வலி வரவே இல்லை. முகுளத்தைத் திறந்து பார்த்தால் ஓடாத எலிகளில், சேதியைப் பெருக்கும் ஒரு வகை ஏற்பிகள் முறுக்கேறி இருந்தன. செரட்டோனினை உறிஞ்சி எடுத்துவிடும் புரதமும் கூடியிருந்தது. ஓடிப் பழகியவற்றில் அப்படி இல்லை. ஒரே சக்கரம், ஒரே ஓட்டம். ஒரேயடியாக ஓடினால் திறக்கிறவர் கை ஓங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரம் ஓடினால் அடைக்கிறவர் கை. எலி மனிதர் அல்ல. மனிதரின் முகுளத்தை இப்படித் திறந்து பார்க்கவும் முடியாது. என்றாலும் கோசெக் கண்டதும் காக்ரேன் கணக்கும் ஒன்றையொன்று மறுக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

ஆக, அளவு சொல்லாமல் “நடங்க” என்பது, மில்லிகிராம் எழுதாமல் மாத்திரைப் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதுதான்.

அளவு எழுதிக் கொடுத்த சோதனைகளும் உண்டு. ஸ்வீடனில் 130 பெண்களை வைத்து நடந்த ஒன்றின் முடிவு 2015-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு எடைப் பயிற்சி, மறு பிரிவுக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. வாரம் இருமுறை, 15 வாரம். எடைப் பிரிவினர் எங்கே ஆரம்பித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 40 சதவீதம். 10 கிலோ தூக்க முடிந்தவருக்கு 4 கிலோ. பயிற்சியாளரோடு பேசி, ஒப்புக்கொண்ட பிறகே எடை கூட்டப்பட்டு, 80 சதவீதம் வரை போனது. முடிவில் பலமும் கூடியிருந்தது, வலியும் குறைந்திருந்தது. எந்தப் பயிற்சி என்பது இரண்டாம்பட்சம். பாஸ்டனில் 226 பேரிடம் தாய்-சியையும் ஏரோபிக்ஸையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். அந்த நிதானமான சீன அசைவுகள் ஏரோபிக்ஸுக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

நடைக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன். மறுநாள் வலி கிளம்பாமல் 15 நிமிடம் நடக்க முடிகிறதென்றால் 8 நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். சிரமம், உடம்பு தேவலையாக இருக்கும் நாளில்தான். அன்றைக்குப் பார்த்து ஒட்டடை அடித்து, போர்வையெல்லாம் துவைத்து, ரேஷன் கடைக்கும் போய்வரத் தோன்றும். அந்த நாளிலும் 8 நிமிடம் 8 நிமிடம்தான். கைக்கடிகாரம் 10,000 அடி கேட்டு நச்சரித்தால் கண்டுகொள்ள வேண்டாம். அந்த எண் 1965-ல் ஜப்பானில் நடைமானி விற்கக் கண்டுபிடித்த எண்.

“வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?” என்று கேட்கும் வீட்டார் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சிங்கில் கிடக்கும் பாத்திரத்தில் 40 சதவீதத்தை மட்டும் தேய்த்துவிட்டு வர எந்த வீட்டில் விடுகிறார்கள்? எடையைக் குறைக்கவோ, நடுவில் நிறுத்தவோ, ஒப்புக்கொண்ட பிறகு கூட்டவோ முடியாத வேலைக்குப் பயிற்சி என்று பெயரில்லை. பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவதென்றால் அந்த நேரத்து வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்வீடன் சோதனையில் பத்திரிகைச் செய்திகள் சொல்லாமல் விட்ட ஒரு பகுதியும் உண்டு. 13 முதல் 18 மாதம் கழித்து அதே பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவர்கள் சொன்ன வலியிலும் உடல்நிலையிலும் இரு பிரிவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேற்பார்வை 15 வாரத்தில் முடிந்துபோனது; பலன் அதைத் தாண்டி வெகுதூரம் வரவில்லை. நம்மூர் பிசியோதெரபி நிலையங்களில் பெரும்பாலும் ‘10 சிட்டிங்’ எழுதிக் கொடுக்கிறார்கள். அதிலும் ஐ.எஃப்.டி. கரண்டும் மெழுகு ஒத்தடமும்தான் முக்கால்வாசி நேரம். இயந்திரம் வேலை செய்ய, நோயாளி படுத்திருக்கிறார். அந்தப் பத்து நாளுக்குக் கொடுக்கும் பணத்தை மாதம் ஒருமுறை என்று பிரித்துக் கொடுத்து, “என்னால் இப்போது எவ்வளவு முடிகிறது என்று பாருங்கள், அடுத்த மாதம் எவ்வளவு கூட்டலாம் என்று எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டுப் பார்க்கலாம்.