வீட்டுக்குள் அறிவியல் – 9: வழுக்காத கால்கள்

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலையில் மாசித் திருவிழா நடக்கும் நாட்களில் அடிவாரத்தில் தலைசாய்க்க இடம் கிடைப்பதே பெரிது. மலைமேல் தீர்த்தகிரீஸ்வரரைக் கும்பிட்டு, ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்து இறங்குகிறவர்கள் மண்டபம், திண்ணை, வாடகை அறை என்று கிடைத்த இடத்தில் பாயை விரிக்கிறார்கள். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர்கள் மட்டுமல்ல, பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்களும் வந்து சேர்கிறார்கள். வேலை செய்யும் ஊரில் பத்துப் பேர் தங்கும் அறையில் இருந்த பை இங்கே வந்து, இன்னொரு பையோடு ஒட்டி ஒரு ராத்திரி கிடக்கிறது. மூட்டைப்பூச்சிக்கு அது போதும். அதற்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. நம் பையில் ஏறித்தான் அது ஊர் மாறுகிறது.

கோயில் ஊர் என்றில்லை. விடுதி, மாணவர் தங்குமிடம், சினிமா கொட்டகை, ரயில் பெட்டி என ஆட்கள் மாறி மாறிப் படுக்கிற, உட்கார்கிற இடமெல்லாம் இதே கதைதான். பூச்சி வந்துவிட்டால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்த மருந்து அடிக்கலாம்? அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் கேட்க வேண்டியது, இது எந்தப் பூச்சி என்பது.

மனிதரை நம்பி வாழும் மூட்டைப்பூச்சியில் முக்கியமானவை இரண்டு இனங்கள். குளிர் நாடுகளில் பரவலாக இருப்பது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டீரஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். அதே தட்டை உடம்பு, அதே பழுப்பு நிறம், ஐந்து மில்லிமீட்டர் சுமாருக்கு நீளம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தலைக்குப் பின்னால் இருக்கும் பட்டை முதல் இனத்தில் நன்றாக அகன்றிருக்கும், இரண்டாவதில் அவ்வளவு அகலம் இருக்காது. இந்த அற்ப வித்தியாசம் அருங்காட்சியகத்தில் பூச்சிக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிறவருக்கு மட்டும்தான் வேண்டும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

பிறகு பொறி வந்தது. கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம். வெளிச்சுவர் சொரசொரப்பாக இருக்கும், பூச்சி ஏறிவிடும். உள்பக்கம் வழவழப்பாக இருக்கும், விழுந்த பூச்சி மேலே வர முடியாது. விஷம் இல்லை, மின்சாரம் இல்லை. காலையில் கிண்ணத்தைப் பார்த்தால் அறையில் பூச்சி இருக்கிறதா, மருந்து வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவில் இது நன்றாகவே ஓடியது. வெப்ப நாட்டுப் பூச்சியிடம் அதே பொறி தோற்றது. மலேசியாவின் பினாங்கில், சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் லீ சௌ-யாங்கும் சகாக்களும் இரண்டு இனங்களையும் ஒரே வகைக் கிண்ணங்களில் விட்டுப் பார்த்து 2017-இல் எழுதினார்கள். குளிர்நாட்டுப் பூச்சி அடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நம் பூச்சி சுவரைப் பிடித்து ஏறி வெளியே போய்விட்டது. காரணம் காலில் இருந்தது. கணுக்காலுக்கு மேலே, நுனியில் ஒரு மெத்தை. அந்த மெத்தையில் ஒட்டுமயிர்கள். அவை நம் இனத்தில் கூடுதல். வழவழப்பான பரப்பைப் பற்றும் விசையும் அதற்கேற்ப அதிகம்.

எனக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பப் பிடிக்கும். காலின் மயிரை எண்ணியவரிடம் யாரும் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கலாம். பயன், இறக்குமதிப் பொறியை வாங்கி வைத்துவிட்டு "பூச்சி ஒன்றும் விழவில்லை, அறை சுத்தம்" என்று நம்புகிற விடுதிக்காரருக்குத்தான். பழைய வீடுகளில் கட்டில் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். எறும்புக்காகச் செய்தது. நம் பூச்சியிடம் வழவழப்பான சுவரைவிடத் தண்ணீரே நல்ல காவல் என்பது என் கணிப்பு. ஒரு நிபந்தனை உண்டு: போர்வை தரையைத் தொடக்கூடாது, கட்டில் சுவரை ஒட்டக்கூடாது.

இந்தப் பூச்சியைப் பற்றிய அடிப்படை ஆராய்ச்சி ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? விடை சென்னையில் இருக்கிறது. 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் காலா-அசார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமியைக் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் கண்டதும் அதுவே. அதனால்தான் லீஷ்மன்–டோனவன் என்று இரட்டைப் பெயர். கிருமி மனிதருக்கு மனிதர் எப்படிப் போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த கேப்டன் டபிள்யூ. எஸ். பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். நோயாளிகளின் ரத்தத்தைப் பூச்சிகளைக் குடிக்கவிட்டு, பிறகு அவற்றைக் கீறிப் பார்த்தார். பூச்சியின் வயிற்றுக்குள் கிருமி உருமாறி வால் முளைத்து நீந்துவதைக் கண்டு 1907-இல் வெளியிட்டார். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்றே தோன்றியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அந்த வழியில் சோதனைகள் நடந்தன. ஆனால் பூச்சி கடித்து ஒருவருக்கு நோய் வந்தது என்பதை யாராலும் காட்ட முடியவில்லை. 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் மணல் ஈயின் கடியால் நோய் பரவுவதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தார்கள். மூட்டைப்பூச்சி விடுதலை ஆனது.

அந்த விடுதலைதான் வினை. நோய் பரப்பாத பூச்சிக்கு எந்த அரசு பணம் ஒதுக்கும்? கொசுவுக்கு ஆய்வகம், ஈக்கு ஆய்வகம், எலித்தெள்ளுக்குக்கூட ஆய்வகம். மூட்டைப்பூச்சி அரிப்புக்கும் தூக்கமின்மைக்கும் மட்டும் பொறுப்பு என்றாகி, வீட்டுப் பெண்களின் தலைவலியாகச் சுருங்கியது. அடுத்து டி.டி.டி. வந்ததும், தீர்ந்தது பிரச்சினை என்று இருந்த ஆராய்ச்சியையும் மூடிவிட்டார்கள்.

டி.டி.டி. கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடு வீடாகச் சுவரில் மருந்து அடித்தார்கள். கொசுவுக்காக அடித்தது. ஜனங்கள் வரவேற்றதோ பெரும்பாலும் மூட்டைப்பூச்சிக்காக. கொசு செத்ததா என்பது யாருக்குத் தெரியும்? கட்டிலில் பூச்சி இல்லை என்பது முதல் ராத்திரியே தெரிந்துவிடும். ஆனால் அமெரிக்கக் கடற்படையினர் 1947-லேயே ஹவாயின் பேர்ல் ஹார்பர் குடியிருப்பில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டிருந்தார்கள். இந்தியாவிலும் அதுவே நடந்தது. மருந்து பூச்சியைக் கொல்லவில்லை; கிளறிவிட மட்டும் செய்தது. "மருந்து அடிச்ச பிறகுதான் கடி அதிகம்" என்று மக்கள் கதவைச் சாத்தினார்கள், அல்லது அடித்த கையோடு சுவரைச் சாணம் போட்டு மெழுகினார்கள். 1965-இல் ஒரு லட்சம் அளவுக்குக் குறைந்திருந்த மலேரியா 1976-இல் 64 லட்சமாக ஏறியதற்குப் பல காரணங்கள் உண்டு. கொசுவின் எதிர்ப்பு, பணத் தட்டுப்பாடு, மெத்தனம். அந்தப் பட்டியலில் மூட்டைப்பூச்சிக்கும் ஓர் இடம் உண்டு என்றே நினைக்கிறேன். நோயே பரப்பாத பூச்சி, நோய்த் தடுப்புக்குக் கதவடைக்க வைத்தது. தான்சானியாவில் மருந்து தோய்த்த கொசுவலைகளை வெகுவாக விரும்பி வாங்கியவர்களும் மூட்டைப்பூச்சி ஒழிந்த சந்தோஷத்தில்தான் வாங்கினார்கள். அங்கே நம் இனப் பூச்சியே அந்த மருந்துக்கும் எதிர்ப்பு பெற்றுவிட்டது என்று 2002-இல் பதிவானது.

இன்று நாம் கடையில் வாங்கும் தெளிப்பான்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. அவை தாக்குவது பூச்சியின் நரம்பில் சோடியம் போகும் வாசலை. டி.டி.டி. தாக்கியதும் அதே வாசலைத்தான். தாத்தா காலத்து டி.டி.டி.யில் பிழைத்த பூச்சியின் வாரிசுகளுக்கு அந்த வாசலில் சிறு மரபணு மாற்றம் இருந்தால், புது மருந்தும் பாதி தோற்றுத்தான் உள்ளே வருகிறது. போதாததற்கு மருந்தைச் சிதைக்கும் நொதிகளை அதிகம் சுரக்கும் பூச்சிகள் உண்டு. தோலைத் தடிமனாக்கிக்கொண்ட பூச்சிகளைச் சிட்னியில் 2016-இல் அளந்தே காட்டினார்கள். நமக்குப் பக்கத்தில், இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கருணாரத்னவும் குழுவினரும் 2007-இல் இலங்கைப் பூச்சிகள் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து வகைகளை எதிர்த்து நிற்பதைக் காட்டினார்கள். தருமபுரிப் பூச்சி எந்த மருந்துக்குச் சாகும் என்பதை யூகிக்க வேண்டியதில்லை. இருபது பூச்சியைப் பிடித்து மருந்து தடவிய காகிதத்தில் விட்டுப் பார்க்கலாம். கல்லூரி விலங்கியல் துறையால் முடிகிற காரியம்.

அப்படிப் பார்க்க ஒப்பீட்டுக்கு மருந்தே காணாத பூச்சி வேண்டும். அது எங்கே கிடைக்கும்? ஹெரால்ட் ஹார்லன் என்ற அமெரிக்க ராணுவப் பூச்சியியலாளர் 1973-இல் ஒரு முகாமில் பிடித்த மூட்டைப்பூச்சிகளைப் புட்டியில் போட்டு, தன் கையையே தீனியாகக் கொடுத்துப் பல்லாண்டு வளர்த்தார். அன்றைக்குக் கேட்டவர்கள் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். அந்தப் புட்டியின் சந்ததிதான் பின்னாளில் பல ஆய்வகங்களுக்கு அளவுகோல் ஆனது. ஆனால் அது குளிர்நாட்டு இனம்.

மருந்து தோற்கும்போது கை அடுத்துப் போவது கடுமையான விஷத்துக்கு. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் படுக்கை அறையில் வைத்து உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டில் உண்டு. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பஞ்சதந்திரத்தில் ராஜாவின் கட்டிலில் வந்து கடித்த மூட்டைப்பூச்சி இடுக்கில் ஒளிந்துகொள்ள, அப்பாவிப் பேன்தான் ஆட்களின் கையில் மாட்டிச் சாகும். கதை எழுதியவர் பூச்சியைக் கவனித்தே எழுதியிருக்கிறார்.

சரி, வெயில்? மெத்தையை மொட்டை மாடியில் போடுவது நம் ஊர் வழக்கம். இங்கே வெப்பத்தின் கணக்கு தெரிய வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011-இல் அளந்தபடி, முழுதாக வளர்ந்த பூச்சி 45 டிகிரி செல்சியஸில் சாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முட்டைக்கு 7 மணி நேரம். 48 டிகிரியில் முட்டைக்கும் 71.5 நிமிடம் போதும். மூன்று டிகிரியில் இவ்வளவு வித்தியாசம். இது குளிர்நாட்டு இனத்தின் கணக்கு, நம் இனத்துக்குச் சற்று மேலேயே வைத்துக்கொள்வது நல்லது. மே மாத வெயிலில் மெத்தையின் மேல்பக்கம் இந்தச் சூட்டைத் தாண்டலாம். அடிப்பக்கமும் பஞ்சின் நடுவும் தாண்டாது. சிட்னியில் ஸ்டீபன் டாகெட் குழுவினர் மெத்தையைக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி வெயிலில் வைத்தே சோதித்து, இது உதவாது என்று 2006-இல் எழுதிவிட்டார்கள். சூடு ஏறும்போது பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துகொள்கிறது. கயிற்றுக் கட்டிலில் கொதிநீர் ஊற்றுவது வேறு. தண்ணீர் பட்ட இடத்தில் முட்டையும் மிஞ்சாது. துணிமணிக்கு 60 டிகிரி வெந்நீர்ச் சலவை போதும். பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால் பூச்சி செத்தாலும் முட்டை பிழைத்துக்கொள்கிறது.

பூச்சிகள் ஏன் எப்போதும் ஒரே இடுக்கில் கும்பலாக இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கக் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ரெஜீன் கிரீஸ் தன் கையில் 1,80,000 கடிகளுக்கு மேல் வாங்கினார். கணவர் கெர்ஹார்டும் அதே ஆய்வகம். கடி வாங்கியது மனைவி. எச்சத்தில் இருக்கும் சில ஆவிகள் பூச்சியை அழைக்கின்றன, ஹிஸ்டமின் அதை அங்கேயே தங்கவைக்கிறது என்பது முடிவு. நம் உடம்பில் அரிப்பை உண்டாக்குகிற அதே ஹிஸ்டமின். வட கரோலினாவில் 2018-இல் இன்னொன்று தெரிந்தது: வெப்பம் செலுத்திப் பூச்சியை ஒழித்த வீடுகளின் தூசியில் மூன்று மாதம் கழித்தும் ஹிஸ்டமின் குறையாமல் இருந்தது. ஆகவே பூச்சி செத்த பின் கட்டில் இடுக்கின் கறுப்புப் புள்ளிகளைச் சுரண்டிக் கழுவுவதையும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தருமபுரி விவசாயிகளுக்கு அன்னியமில்லாத ஒரு பெயர்: பவேரியா பாசியானா. வயலில் பூச்சிகளுக்குத் தெளிக்கும் பூஞ்சணம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நினா ஜென்கின்ஸ் குழு, இதன் வித்துக்களை எண்ணெயில் கலந்து பூசிய பரப்பில் மூட்டைப்பூச்சியை நடக்கவிட்டு 2012-இல் வெளியிட்டது. பூச்சி காலில் ஒட்டிய வித்துக்களோடு இடுக்குக்குத் திரும்புகிறது, கூட்டாளிகளுக்கும் ஒட்டுகிறது, சில நாளில் சாகிறது. சோடியம் வாசல் மாறியிருந்தாலும் பூஞ்சணத்துக்குக் கவலை இல்லை; அது தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அமெரிக்காவில் இது விற்பனைக்கும் வந்துவிட்டது. உரக்கடையில் வாங்கிய பவேரியா பொட்டலத்தைக் கரைத்து மெத்தையில் தெளிக்கலாமா என்று கேட்காதீர்கள். அது வயலுக்குப் பதிவான பொருள், தூங்குகிற அறைக்கு அல்ல. தண்ணீரில் கரைத்த தூள் காய்ந்த சுவரில் எண்ணெய்க் கலவையைப் போல நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அறைக்கென்று ஒரு கலவை வேண்டும். அது ஒட்டுமயிர் கூடுதலான நம் பூச்சியின் காலில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.

(தொடரும்)