நத்தார் மரம்: நகரத்திலும் நம் வீட்டிலும்

நத்தார் நெருங்கும்போது நகரத்துக் கடைத்தெருக்கள் மின்விளக்குகளால் ஒளிரும். அதைக் கண்டு வந்த பிள்ளைகள், "எங்கட வீட்டிலயும் மரம் வைப்பமா?" என்று கேட்பார்கள். வளவை விட்டு வந்து கொட்டிலில் வாழும் பெற்றோருக்கு அந்தக் கேள்வி பாரமாயிருக்கும்.

இலண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் ஒவ்வொரு நத்தாருக்கும் சுமார் 20 மீற்றர் உயரமான மரமொன்று நிறுத்தப்படுகிறது. அது விலைக்கு வாங்கியதல்ல. 1940இல் ஜேர்மன் படைகள் நோர்வேயைக் கைப்பற்றியபோது, மன்னர் ஏழாம் ஹாகோன் தம் அரசாங்கத்தோடு இலண்டனில் தஞ்சம் புகுந்தார். 1945இல் நாடு திரும்பினார். போர்க்காலத்தில் பிரித்தானியா செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஒஸ்லோ நகர மக்கள் ஆண்டுதோறும் தங்கள் காட்டிலிருந்து ஒரு மரத்தை அனுப்பி வருகின்றனர்.

நம் நாட்டிலும் 2016இல் கொழும்பு காலிமுகத்திடலில் 72.1 மீற்றர் உயரச் செயற்கை மரம் எழுப்பப்பட்டு உலக சாதனையாயிற்று. வேலை நடக்கும்போதே கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை, இது வீண் செலவு, அப்பணம் ஏழைகளுக்கு உதவலாம் என்றார். வேலை சில நாட்கள் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது. நகரத்து அழகைப் பார்த்து மகிழ்வதில் பிழையில்லை. அதற்காக நாம் கடன்படத் தேவையில்லை.

நம் வீட்டுக்குச் சவுக்கு போதும். இம்முறை கிளையை வெட்டாமல், கன்றொன்றை அடியில் துளையிட்ட பழைய தகரத்தில் வையுங்கள். பகலில் வெயிலில் விட்டு, மாலையில் உள்ளே எடுங்கள். வர்ணக் கடதாசிச் சங்கிலியும் ஓலை நட்சத்திரமும் பிள்ளைகளே செய்வார்கள். கிடுகுக் கொட்டிலுக்குள் மரத்தருகே மெழுகுதிரி வேண்டாம்.

மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும், பயிருக்கு நிழல் விழாதபடி எல்லையோரம் நடுங்கள். சவுக்கு மணல் நிலத்திலும் வளரும். காற்றைத் தடுக்கும், விறகு தரும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குப் பெற்றுக்கொடுப்பதால், வளங்குறைந்த மண்ணிலும் அது தாக்குப்பிடிக்கும்.

இருக்கும் நிலம் உங்களுடையதல்லவா? இடம் தந்தவரின் சம்மதத்தோடு அவர் வளவில் நட்டுக் கொடுங்கள். ஒஸ்லோ மக்கள் செய்ததும் இதுவே. இன்னொரு கன்றைத் தகரத்தில் வளர்த்து வாருங்கள். ஊர் திரும்பும் நாளில் அது உங்கள் சொந்த வேலியோரத்தில் வேரூன்றட்டும்.