லிஸ்ட்ல இல்லாத பேர்: சைமன் கியேர்

ஃபுட்பால் பத்திப் பேச ஆரம்பிச்சா, பேச்சு தானா கோல் போடுறவங்க பக்கம் போயிடும். கோலைத் தடுக்கிறவர் பேரு எப்போ வரும்னா, அவர் சொதப்பும்போது. தொண்ணூறு நிமிஷமும் ஒழுங்கா வேலை செஞ்ச டிஃபெண்டருக்கு ஹைலைட்ஸ் வீடியோவுல இடமே கிடையாது. அவர் ஒழுங்கா இருந்ததால அங்க எதுவுமே நடக்கல, அப்புறம் எதைக் காட்டுவாங்க? இந்தக் கட்டுரை அப்படி ஒருத்தரைப் பத்தினது. டென்மார்க்கின் சென்டர் பேக், சைமன் கியேர். (மெக்கானிக்கல் மக்களே, 'கியர்' இல்ல, 'கியேர்'.)

இவர் பேரை உங்கள்ல பலர் ஒரே ஒரு நாளை வச்சுத்தான் கேள்விப்பட்டிருப்பீங்க. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்துல சுருண்டு விழுந்த சாயங்காலம். அந்த நாளுக்கு வருவோம். ஆனா அதுக்கு முன்னாடியே இவருக்கு பதிமூணு வருஷ ஐரோப்பியப் பயணம் இருக்கு, அதுல பாதி தோல்விக் கதை. எனக்கு அந்தப் பாதிதான் சுவாரஸ்யமா படுது.

கியேர் பிறந்தது 1989 மார்ச் 26, ஹோர்சன்ஸ் என்ற ஊர்ல. பக்கத்துல மிட்யூலன்ட்னு ஒரு கிளப். 2004-ல அந்த கிளப் பசங்களுக்காக ஒரு அகாடமி ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல அங்க இருந்த ராஸ்மஸ் அங்கர்சன், 'தி கோல்டு மைன் எஃபெக்ட்' என்ற தன் புத்தகத்துல ஒரு விஷயம் சொல்றார். அகாடமியில எல்லா இடமும் நிரம்பி, கடைசியா ஒரு இடம் மட்டும் பாக்கி. பெருசா யாரும் கிடைக்கல. கியேரின் அப்பா அதே கிளப்புல ஜெர்சி, பூட்ஸ் எல்லாம் பாத்துக்கிற வேலையில இருந்தார். சரி, அவர் பையனையே எடுத்துக்கலாம்னு முடிவாச்சு. கொஞ்ச மாசம் கழிச்சு, இந்தப் பசங்கள்ல யார் யார் பெரிய ஆளா வருவாங்கன்னு கோச்கள்கிட்ட ஆளுக்கு அஞ்சு பேர் எழுதித் தரச் சொன்னாங்க. ஒருத்தர் லிஸ்ட்ல கூட கியேர் பேர் இல்ல.

அந்த பேட்ச்ல இருந்து ரொம்ப தூரம் போனவர் அவர்தான். கோச்கள் முட்டாள்கள்னு அர்த்தமில்ல. பதினஞ்சு வயசுல கண்ணுக்குத் தெரியறது வேகம், உயரம், பந்தை வச்சு காட்டுற வித்தை. ஒரு டிஃபெண்டரோட மூளை அந்த வயசுல அளவுகோலுக்குள்ள வராது.

2008-ல இத்தாலியின் பலெர்மோ கிளப் சுமார் 40 லட்சம் யூரோ கொடுத்து வாங்கிச்சு. கவானி, பாஸ்டோரே, மிக்கோலி எல்லாம் ஆடின டீம் அது. 2009-10 சீசன்ல சீரி ஆ-வுல அஞ்சாவது இடம். 21 வயசுல கியேர் உலகக் கோப்பைக்கும் போயிட்டார். அதே கோடையில ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் சுமார் 1.2 கோடி யூரோவுக்கு அள்ளிட்டுப் போச்சு. ரெண்டே வருஷத்துல விலை மூணு மடங்கு.

அங்கதான் கிராஃப் கீழ இறங்க ஆரம்பிச்சது. 2009-ல சாம்பியனான வோல்ஃப்ஸ்பர்க், கியேரின் முதல் சீசன்ல 15-வது இடத்துல வந்து மயிரிழையில தப்பிச்சது. அடுத்த வருஷம் லோன்ல ரோமா. 2011 அக்டோபர் 16, லாசியோவோட டெர்பி. ரோமா 1-0 முன்னிலையில இருக்கு. ரெண்டாவது பாதியில பாக்ஸுக்குள்ள கியேர் புரோக்கியை இழுக்கிறார். பெனால்டி, கூடவே சிவப்பு அட்டை. எர்னானஸ் பெனால்டியை கோலாக்குறார், கடைசி நேரத்துல க்ளோசே இன்னொண்ணு போட, லாசியோ 2-1. ரோம் நகரத்துல டெர்பியில இப்படி ஒண்ணு செஞ்சா ஊரே மறக்காது. சீசன் முடிஞ்சதும் ரோமா அவரை வாங்கிக்கல, திருப்பி அனுப்பிட்டாங்க.

23 வயசுல 'எதிர்பார்ப்பைக் கெடுத்தவன்' லிஸ்ட்ல பேர். இந்த லிஸ்ட்ல மட்டும் எல்லாரும் எழுதினாங்க.

மீட்சி பிரான்ஸ்ல நடந்தது. 2013-ல லில் கிளப். கோல்கீப்பர் வின்சென்ட் என்யேமா அந்த சீசன்ல லீக்ல தொடர்ந்து 1062 நிமிஷம் கோல் வாங்காம நின்னார், கிட்டத்தட்ட பன்னிரண்டு மேட்ச். பேரு போனது கோல்கீப்பருக்கு, அது நியாயம்தான். ஆனா அவருக்கு முன்னாடி நடுவுல நின்ன ஜோடியில ஒருத்தர் கியேர். லில் மூணாவது இடத்துல முடிச்சது. அப்புறம் துருக்கியில ஃபெனர்பாச்சே, 2017-ல ஸ்பெயின்ல செவியா, 2019-ல லோன்ல அட்டலான்டா. அட்டலான்டாவுல கோச் காஸ்பெரினியின் ஆட்டமுறை வேற மாதிரி: டிஃபெண்டர் தன் ஆளை மைதானம் முழுக்கத் துரத்தணும். கியேருக்கு அது செட் ஆகல. லீக்ல விரல் விட்டு எண்ணுற அளவு மேட்ச்தான் கிடைச்சது.

2019 டிசம்பர்ல அந்த அட்டலான்டா, ஏசி மிலானை 5-0ன்னு நொறுக்கிச்சு. மூணு வாரத்துல, அட்டலான்டாவுல பெஞ்ச்ல உக்காந்திருந்த கியேரை மிலான் லோன்ல எடுத்தது. அதே ஜனவரியில இப்ராகிமோவிச்சும் திரும்பி வந்ததால எல்லா கேமராவும் அவர் பக்கம். 30 வயசு, வேகம் குறைஞ்ச ஒரு டிஃபெண்டரை யாரு பாக்கப்போறா?

இங்க கொஞ்சம் நிக்கலாம், ஏன்னா இதுதான் டெக்னிகலா நல்ல இடம். கோச் பியோலி டிஃபென்ஸ் வரிசையை மைதானத்துல நல்லா மேல நிறுத்துவார். முதுகுக்குப் பின்னாடி பெரிய காலி இடம் கிடக்கும். அங்க பந்து விழுந்தா ஓட்டப்பந்தயம்தான். அப்போ ஸ்லோவான ஆளை எப்படி அங்க நிறுத்துறது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம், எண்கள் சும்மா நான் எடுத்துக்கிட்டது. ஸ்ட்ரைக்கர் வேகம் விநாடிக்கு 9 மீட்டர், டிஃபெண்டர் வேகம் 8.5 மீட்டர். 20 மீட்டர் ஓடணும். ஸ்ட்ரைக்கருக்கு 2.22 விநாடி, டிஃபெண்டருக்கு 2.35 விநாடி. வித்தியாசம் வெறும் 0.13 விநாடி. பாஸ் கொடுக்கப்போறவரோட தோள் திரும்புறதைப் பாத்தே டிஃபெண்டர் அரை விநாடி முன்னாடி கிளம்பிட்டா, அந்த வித்தியாசத்தை மூணு தடவைக்கு மேல ஈடு கட்டியாச்சு. வேகத்தை ஜிம்ல கொஞ்சம்தான் கூட்ட முடியும். இந்த அரை விநாடி, பல நாட்டு லீக்ல அடிபட்டு அடிபட்டு சேர்றது. கியேர் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிறதை விட, பந்து வர்ற இடத்துல ஏற்கனவே நின்னுக்கிட்டிருக்கிறதைத்தான் அதிகம் பாக்கலாம். கூடவே நீளமான பாஸ்ல அவருக்குக் கை தேர்ந்த, சாரி, கால் தேர்ந்த திறமை.

கொரோனா இடைவேளைக்கு அப்புறம் லீக் திரும்ப ஆரம்பிச்சப்போ, மிலான் அந்த சீசன் முடியிற வரை 12 லீக் மேட்ச்ல ஒண்ணுல கூட தோக்கல. 2020 கோடையில கியேரை நிரந்தரமா வாங்கிட்டாங்க. 2021 மார்ச்ல ஓல்ட் டிராஃபோர்டுல, மான்செஸ்டர் யுனைடெட் 1-0 முன்னிலையில இருக்கும்போது, 92-வது நிமிஷம் கார்னர்ல தலையால முட்டி 1-1 ஆக்கினதும் இவர்தான். அந்த சீசன்ல மிலான் லீக்ல ரெண்டாவது இடம், ஏழு வருஷம் கழிச்சு சாம்பியன்ஸ் லீக்.

இப்போ அந்த ஜூன் 12. யூரோ முதல் மேட்ச், பார்க்கன் ஸ்டேடியம், எதிரணி ஃபின்லாந்து. 43-வது நிமிஷம், எரிக்சன் முன்னாடி சாய்ஞ்சு விழுறார். கேப்டன் கியேர் ஓடி வர்றார். எரிக்சன் பக்கவாட்டுல படுத்த நிலையில மூச்சுப்பாதை அடைபடாம இருக்க உதவுறார். டாக்டர்கள் வந்ததும் விலகி, டீம் மேட்ஸை வரிசையா, வெளிப்பக்கம் பாத்து வட்டமா நிக்க வைக்கிறார். கேமராவும் கூட்டமும் பாக்க முடியாத மாதிரி ஒரு சுவர். மைதானத்துக்குள்ள அழுதுகிட்டே வந்த எரிக்சனோட துணைவியை கோல்கீப்பர் ஷ்மைக்கேலும் கியேரும் அணைச்சு ஆறுதல் சொல்றாங்க.

சோஷியல் மீடியாவுல 'கியேர் சிபிஆர் செஞ்சு காப்பாத்தினார்'னு ஒரு வெர்ஷன் இன்னும் சுத்துது. அது தப்பு. டீம் டாக்டர் மார்ட்டன் போசன் சொன்னபடி, அவர் போய்ச் சேர்ந்தப்போ எரிக்சனுக்கு மூச்சும் நாடியும் இருந்தது. சட்டுனு நிலைமை மாறினதும்தான் சிபிஆர் ஆரம்பிச்சாங்க. அதைச் செஞ்சது மருத்துவக் குழு, இதயத்தைத் திரும்ப ஓட வச்சது டிஃபிப்ரிலேட்டரின் மின் அதிர்ச்சி. இந்த வேறுபாடு நமக்கும் தெரியணும். மயங்கிக் கிடக்கிறவருக்கு மூச்சு சாதாரணமா ஓடினா, பக்கவாட்டுல திருப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கணும். கூப்பிட்டா அசைவே இல்ல, மூச்சு இல்ல, இல்லன்னா விட்டு விட்டு இழுக்குதுன்னா, திருப்பிப் படுக்க வைக்கிற வேலையே வேண்டாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, மல்லாக்க வச்சு நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை, ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தணும், டிஃபிப்ரிலேட்டர் வர்ற வரைக்கும்.

எரிக்சன் ஆஸ்பத்திரியில கண் முழிச்சுப் பேசிட்டார்னு தெரிஞ்சதும், அன்னைக்கு ராத்திரியே மேட்ச்சைத் தொடரணும், இல்லன்னா மறுநாள் மதியம் ஆடணும்னு ரெண்டே வழி கொடுத்தாங்க. தூக்கம் வராத ஒரு ராத்திரியைக் கடந்து மறுபடி வர்றதை விட இப்பவே முடிச்சிடலாம்னு ஆடினாங்க. என்னைக் கேட்டா, அந்த ரெண்டு வழியையும் அந்த நேரத்துல அவங்க முன்னாடி வச்சதே கொடுமை. கியேரால முடியல. 63-வது நிமிஷம் வெளிய வந்துட்டார். மிலான் நகரத்துல ஒருத்தர் ஏசி மிலான், இன்னொருத்தர் இன்டர்; கிளப் எதிரிகள், ஆனா நெருங்கின நண்பர்கள். டென்மார்க் 0-1ன்னு தோத்தது.

அடுத்து பெல்ஜியம்கிட்டயும் தோல்வி. அப்புறம் ரஷ்யாவை 4-1, வேல்ஸை 4-0, செக் குடியரசை 2-1. வெம்ப்ளியில அரையிறுதி. டாம்ஸ்கார்டு ஃப்ரீ கிக்ல டென்மார்க் முன்னிலை. 39-வது நிமிஷம் சாக்கா வலது பக்கத்துல இருந்து குறுக்க அடிச்ச பந்து, கியேர் காலில் பட்டு சொந்த கோல். ஸ்கோர்போர்டுல 'கியேர், சொந்த கோல்'னு பதிவாகிடுச்சு. வீடியோவைத் திரும்பப் பாருங்க. அவர் முதுகுக்குப் பின்னாடி ஸ்டெர்லிங் நிக்கிறார், வலை காலி. கால் நீட்டலைன்னா கோல் நிச்சயம், நீட்டினா தடுக்க ஒரு வாய்ப்பு. அவர் நீட்டினார். சரியான முடிவு, கெட்ட ரிசல்ட். எக்ஸ்ட்ரா டைம்ல இங்கிலாந்து 2-1ன்னு ஜெயிச்சது.

அந்த வருஷம் யூஇஎஃப்ஏ தலைவர் விருது கியேருக்கும் எரிக்சனைக் காப்பாத்தின மருத்துவக் குழுவுக்கும் சேர்த்தே போச்சு. பாலன் டி'ஓர்ல 18-வது இடம். ஆனா டிசம்பர் 1, ஜெனோவா மேட்ச் ஆரம்பிச்ச சில நிமிஷத்துல முழங்கால் தசைநார் கிழிஞ்சது. சீசன் முடிஞ்சது. 2022 மே மாசம் மிலான் பதினொரு வருஷம் கழிச்சு லீக் பட்டம் ஜெயிச்சப்போ, அவர் இடத்துல டொமோரியும் கலுலுவும் ஆடிக்கிட்டிருந்தாங்க. திரும்பி வந்தார், ஆனா பழைய அளவுக்கு மேட்ச் கிடைக்கல. 2024 கோடையில மிலானை விட்டு விலகினார்.

டென்மார்க்குக்காக அவர் ஆடினது 132 மேட்ச். பீட்டர் ஷ்மைக்கேலின் 129-ஐத் தாண்டின சாதனை அது. ரொம்ப நாள் நிக்கல. 2024 யூரோவுல, கியேரும் அணியில இருக்கும்போதே, இன்னொருத்தர் 133-வது மேட்ச் ஆடி அதை முறியடிச்சார்: கிறிஸ்டியன் எரிக்சன். 2025 ஜனவரியில கியேர் ஓய்வை அறிவிச்சார்.