வாலிலிருந்து பிரிக்க வேண்டிய சொற்கள்

மருத்துவ அறிக்கையில் 'ஈசோஃபேகோகாஸ்ட்ரோடியோடினாஸ்கோப்பி' என்று கண்டால் பலரும் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். முன்னாலிருந்து எழுத்துக்கூட்டினால் மூச்சு முட்டத்தான் செய்யும். இப்படிப்பட்ட சொற்களை வாலிலிருந்து பிரிக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று சொல்வதும், குரல் எங்கே அழுந்தும் என்று முடிவு செய்வதும் கடைசித் துண்டுதான். 'ஸ்கோப்பி' என்றால் கருவியால் உள்ளே பார்ப்பது. மீதியெல்லாம் பார்க்கப்படும் உறுப்புகள்: உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல். குழாய் உள்ளே இறங்குகிற வரிசையும் அதுவே. முதலிரண்டும் கிரேக்கம்; மூன்றாவது, பன்னிரண்டு விரற்கடை நீளம் என்பதால் லத்தீன் எண்ணிலிருந்து வந்த பெயர். இடையில் வரும் 'ஓ' வெறும் ஒட்டு. உயிரெழுத்தில் தொடங்கும் வால் சேர்ந்தால் அது உதிர்ந்துவிடும். 'காஸ்ட்ரோ'வோடு 'ஐட்டிஸ்' சேர்ந்து காஸ்ட்ரைட்டிஸ், அதாவது இரைப்பை அழற்சி, ஆவது அப்படித்தான்.

அழுத்தத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒலிக்கும்போதும் இச்சொற்களில் பல, பழைய லத்தீன் விதியை விடுவதில்லை. ஈற்றயல் அசை நெடிலாகவோ மெய்யால் அடைபட்டோ இருந்தால் அழுத்தம் அதன்மேல்; குறிலாக நின்றால் அதற்கு முந்தைய அசைமேல். த்ராம்போசிஸில் 'போ' நெடில், அழுத்தம் அங்கேயே நிற்கிறது. டயாலிசிஸில் 'லி' குறில், அதனால் 'யா'வுக்குத் தாவுகிறது. தமிழ்க் காதும் இதைப் பிடித்திருக்கிறது. 'நியூரோ' என்று எழுதுகிற நாம் 'நியூரோலஜி' என்று எழுதாமல் 'நியூராலஜி' என்கிறோம். வால் மாறியதும் அழுத்தம் ஒட்டெழுத்தின்மேல் ஏறி, அதன் ஒலியையே மாற்றிவிட்டது.

துண்டுகளை நம்பினால் பொருள் தவறாதா என்று கேட்கலாம். தவறும். 'அனீமியா'வைப் பிரித்தால் 'இரத்தமின்மை'. நோயிலோ குறைவது ஹீமோகுளோபின். சிறுநீரகத்துக்கு லத்தீனில் 'ரீனல்', கிரேக்கத்தில் 'நெஃப்ரோ' என இரண்டு வேர்களையும் அறிய வேண்டியிருக்கிறது. இருந்தாலும் வால் பெரும்பாலும் கைவிடாது. 1886-இல் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் லத்தீன் உறுப்புப் பெயரோடு கிரேக்க வாலை ஒட்டி 'அப்பெண்டிசைட்டிஸ்' என்றபோது, அது அழற்சி என்பது மருத்துவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். உண்மையான ஆபத்து தலைப்பக்கம். ஹைப்போகிளைசீமியா, ஹைப்பர்கிளைசீமியா இரண்டிலும் அழுத்தம் 'சீ'யில் விழுவதால், வேறுபடுத்தும் 'போ'வும் 'பர்'ரும் மங்கி ஒலிக்கின்றன. ஒன்றில் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது, மற்றதில் ஏறியிருக்கிறது, சிகிச்சை நேரெதிர். தொலைபேசியில் சொல்லும்போது 'லோ சுகர்', 'ஹை சுகர்' என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு.