பூஜ்யம்னு காட்டினா எல்லாம் சரியா?

கைச்செலவுக்காக எங்க டிபார்ட்மெண்ட் சர்வர் ரூம்ல பகுதிநேரமா ஆணி பிடுங்கிட்டு இருக்கேன். மெயின் சர்வர்ல எழுதற டேட்டா, நகல் சர்வருக்கு (ரெப்ளிகான்னு சொல்லுவாங்க) ஒழுங்கா போய்ச் சேருதான்னு பார்க்கறதுதான் என் ஆணி. சப்பை மேட்டர்னு தோணும். ஆனா மக்களே, இதுல ஒரு உள்குத்து இருக்கு.

மைஎஸ்க்யூஎல்-ல 'ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்'னு அடிச்சா (2020-ல 8.0.22 வர்ற வரைக்கும் 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்') பெரிய பட்டியலே வந்து விழும். அதுல முக்கியமா பார்க்கறது மூணு விஷயம். மெயின் சர்வர்லேர்ந்து மாற்றங்களை இழுத்துட்டு வர்ற ஐஓ த்ரெட் ஓடுதா? வந்ததை எழுதற எஸ்க்யூஎல் த்ரெட் ஓடுதா? எத்தனை செகண்ட் பின்தங்கியிருக்கு? 'எஸ், எஸ், 0'ன்னு வந்தா நிம்மதியா டீ குடிக்கப் போயிடலாம்னு தோணும்.

அங்கதான் வில்லங்கம். அந்த 0-க்கு அர்த்தம், கைக்கு வந்து சேர்ந்ததை எல்லாம் எழுதி முடிச்சாச்சு என்பது மட்டும்தான். வீட்டுக்கு வந்த கடுதாசி எல்லாம் படிச்சாச்சு, பாக்கி இல்லைங்கற மாதிரி. தபால்காரரே வழியில நின்னுட்டா? நெட்வொர்க் மந்தமா இருந்தா நகல் எவ்வளவோ பின்னாடி இருக்கும், திரையில 0 தான் காட்டும். எஸ்க்யூஎல் த்ரெட் நின்னுபோனா எண்ணே வராது, 'நல்' வரும். எண் பெருசானா மட்டும் அலாரம் அடிக்கற ஸ்கிரிப்ட் அப்பவும் சும்மாதான் இருக்கும்.

இதுக்கு ஒரு எளிய வழி உண்டு. மெயின் சர்வர்ல ஒரு குட்டி டேபிள் வச்சு, செகண்டுக்கு ஒரு தடவை நேரத்தை எழுதணும். நகல்ல அதே வரியைப் படிச்சு, இப்போதைய நேரத்திலேர்ந்து கழிச்சா உண்மையான தாமதம் தெரிஞ்சுடும். பெர்கோனாவோட 'பிடி-ஹார்ட்பீட்' செய்யறது இதைத்தான். ரெண்டு சர்வர் கடிகாரமும் ஒத்துப்போகணும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, நகல் வேற, பேக்கப் வேற. மெயின்ல தப்பா ஒரு டேபிளை அழிச்சா, நகல்லயும் அது சமத்தா அழிஞ்சுடும். 2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல நடந்ததை அவங்களே விலாவாரியா எழுதியிருக்காங்க. அவங்களோடது போஸ்ட்கிரெஸ். ரெப்ளிகேஷன் நின்னுபோச்சு. சரிபண்ணப் போன இஞ்சினியர், நகல் சர்வர்னு நினைச்சு மெயின் சர்வர் டேட்டாவை அழிச்சுட்டார். சுமார் 300 ஜிபி காலி. பேக்கப்பைத் தேடினா, அது பல நாளா ஓடவே இல்லை. ஓடலைன்னு சொல்ல வேண்டிய மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரலை. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு.

அதனால கண்காணிக்கற ஆளையும் யாராவது கண்காணிக்கணும். நான் மாசம் ஒரு தடவை சோதனை நகல்ல ரெப்ளிகேஷனை வேணும்னே நிறுத்திட்டு, அலாரம் அடிக்குதான்னு பார்க்கறேன். பொட்டி தட்டற மக்களே, உங்க இடத்துல அலாரம் கடைசியா எப்ப அடிச்சுது?