காரம் என்னும் சொல்

மிளகாய்ப் பொடியை நீரில் கலக்கிச் சிவப்பு லிட்மசுத் தாளை அதில் நனைத்தால் தாள் நீலமாக மாறுமா? மிளகாய் காரமானது, காரம் சிவப்பு லிட்மசை நீலமாக்கும் என்பது வேதியியல் பாடம். எனவே, மாறும் என்று விடையளிப்போர் உளர். தாள் மாறுவதில்லை. இக்குழப்பத்திற்கு மாணவரை மட்டும் குறை கூறுதல் தகாது. அடுக்களைக்கும் ஆய்வகத்திற்கும் மருத்துவத்திற்கும் ஒரே சொல்லை நாம் பொதுவாக வைத்திருக்கிறோம்.

அறுசுவையுள் ஒன்றைக் கார்ப்பு என்றனர் நம் முன்னோர். அச்சுவையை நெடுங்காலம் தந்தவை மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னர் வந்து சேர்ந்த மிளகாய், மிளகின் பெயரையே தன் பெயரில் தாங்கி நிற்கிறது. இன்றைய அறிவியல் இதனைச் சுவையாகக் கொள்வதில்லை. மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. எதுவும் சுடாமலே நாக்கு சுட்டதாக உணர்கிறது. இவ்வுணர்வுக்குரிய ஏற்பியை 1997இல் கண்டறிந்து வெளியிட்ட ஆய்வுக்குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வேதியியலின் காரமோ உவர்நிலத்தோடு தொடர்புடையது. செங்கல்பட்டு மாவட்டத்தின் படூருக்குத் தெற்கே கேளம்பாக்கம் உள்ளது. அங்கிருந்து கோவளம் செல்லும் சாலையையொட்டி உப்பளங்களும் உப்பங்கழியும் பரந்து கிடக்கின்றன. இத்தகைய உவர்நிலங்களில் தழைப்பது உமரி. பிற செடிகள் பட்டுப்போகும் உப்புமண்ணில், உப்பைத் தன் சதைப்பற்றான இலைகளிலும் தண்டுகளிலும் தேக்கி அது வாழ்கிறது. இவ்வகைச் செடிகளை எரித்தால் சோடியம் கார்பனேட் மிகுந்த சாம்பல் கிடைக்கும். மத்தியதரைக் கடற்கரைகளில் சோப்பும் கண்ணாடியும் செய்ய அச்சாம்பலையே பயன்படுத்தினர். அதனைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்தே 'ஆல்கலி' என்னும் ஐரோப்பியச் சொல் பிறந்தது. நம் 'காரம்' என்பதை அகராதிகள் வடமொழியின் 'க்ஷாரம்' என்பதோடு இணைத்துக் காட்டும். அதுவும் செடிச் சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பைக் குறிப்பதே. இலங்கைத் தமிழர் இன்றும் சோப்பினைச் சவர்க்காரம் என்றே வழங்குகின்றனர்.

நீரில் கரையும் காரங்களை 'எரிகாரம்' என நம் பாடநூல்கள் வேறுபடுத்துகின்றன. நல்ல சொல்லாக்கம் இது. ஆயினும் அன்றாடப் பேச்சில் இவ்வேறுபாடு இல்லை. 'குழந்தையின் கண்ணில் காரம் பட்டுவிட்டது' என்று ஒருவர் பதறும்போது, எந்தக் காரம் என்று உடனே கேட்டறிதல் வேண்டும். மிளகாய்த்தூள் கடும் எரிச்சலைத் தரும். பெரும்பாலும் நிலையான கேடு விளைப்பதில்லை. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்போ கால்சியம் ஹைட்ராக்சைடு. அது கண்ணின் மேற்பரப்போடு நில்லாமல் உள்ளே ஊடுருவிப் பார்வையையே பறிக்கவல்லது. கண்ணைத் தூய நீரால் குறைந்தது 15 நிமிடங்களேனும் இடைவிடாது கழுவி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

திசுக்களை அரிக்கும் இதே இயல்பைச் சித்த மருத்துவம் அளவோடு பயன்படுத்துகிறது. அது கூறும் புறமருந்துகள் 32இல் காரமும் ஒன்று. நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரம், கள்ளிப்பால், மஞ்சள் ஆகியவற்றை நூலின்மீது பலமுறை பூசி உலர்த்திக் காரநூல் செய்வர். பவுத்திர நோயில் புரையின் வழியே இந்நூலைச் செலுத்திக் கட்டுவர். அது நாள்தோறும் சிறிது சிறிதாகத் திசுவை அறுத்துச் செல்ல, அறுபட்ட இடம் பின்னாலேயே ஆறிவரும். தேர்ந்த மருத்துவர் செய்ய வேண்டிய சிகிச்சை இது.

எனினும், பெயரில் காரம் உள்ளவை யாவும் வேதியியல் காரமாகா. வெங்காரத்தின் கரைசல் சிவப்பு லிட்மசை நீலமாக்கும். அஃது அவ்விலக்கணத்திற்குப் பொருந்துகிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கவும் முகம் மழித்தபின் தடவவும் பயன்படும் படிகாரமோ நேர்மாறாக நீல லிட்மசைச் சிவப்பாக்கும் அமிலத் தன்மையுடையது. அதற்குப் பெயரிட்டோர் லிட்மசுத் தாளை அறியாதவர்கள். புண்ணில் வைத்தபோது எரிந்ததையும், கசிந்த குருதி நின்றதையும் கண்டே அவர்கள் அப்பெயரை இட்டிருத்தல் கூடும்.